மூன்று தரம் பிழை சொன்ன அக்கா

அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றது ஐந்து பேர். கைத்தடியும் வெள்ளைக் கையுறையுமாக, நான் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா. காலையில்தான் மிலானிலிருந்து வந்திறங்கிய அவவின் மகன். வாசற்காவல் பார்க்கிற போர்த்தியேரே. அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, விடுப்புப் பார்க்க வந்தவர். நான். எனக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவுகிற இளஞ்சிவப்பு றப்பர் கையுறையைக் கழற்றாமலே நின்ற அக்கா. ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு காரை.

அக்காவுக்குப் பெயர் இருந்தது, நான் எழுதப்போவதில்லை. இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்கு அவ மன்னார் அக்கா. ஒரேத்தோத் தெருப் பக்கத்து மாடிக் கட்டிடங்களில் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. கிழமைக்குப் பதினொரு கட்டிடம். வாளியும் தும்புத்தடியுமாக அவ பஸ் ஏறினால் சாரதி ஒன்றும் சொல்லமாட்டார். சொன்ன ஒருவருக்கு என்ன நடந்தது என்று மற்றச் சாரதிகளுக்குத் தெரியும்.

பிழை விட்டால் எங்கள் எல்லாருக்கும் குரல் இறங்கும். சிலருக்குத் தலை சொறியவேணும், சிலருக்கு இன்னொருவரைக் காட்டவேணும். நானென்றால் இரண்டு நாள் சாப்பிடமாட்டேன், ஆனால் வாயும் திறக்கமாட்டேன். அக்காவின் குரல் இறங்காது. "இது இப்பிடித்தான்" என்று எந்தச் சத்தத்தில் சொன்னாவோ, அதே சத்தத்தில் "இல்லை, நான் சொன்னது பிழை" என்பா. வெட்கமும் இல்லை, துக்கமும் இல்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லுகிறமாதிரி.

ஒரு தரம் கோயில் பெருநாளுக்கு இருநூறு பேருக்கு அரிசி காணும் என்று அவதான் கணக்குச் சொன்னா. வரிசையில் நூற்றுமுப்பதாவது ஆளோடு கிடாரத்தின் அடி தெரிந்தது. சமையலுக்கு நின்ற மற்றப் பெண்கள் ஒருவரின் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் ஏறினா.

"சனங்களே, கணக்குப் பிழை! என்ரை பிழை! பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குச் சோறு இல்லை, பாண் வருகுது. கறி இருக்குது!"

பின்வரிசைக்காரர் கை தட்டினார்கள். பாணும் கறியும் சாப்பிட்டவர்கள்தான் அன்று வயிறாரச் சாப்பிட்டது என்று பிறகு கதை.

இன்னொரு தரம் பிரான்காச்சோவில் இருந்த ஒரு பெடியனுக்கு, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு இரண்டு படம் கொண்டுபோனால் காணும் என்று சொல்லிவிட்டா. நாலு படம் வேணும் என்று பின்னேரம் யாரோ சொல்ல, விடிய முதல் பஸ்ஸில் போய் அவன் இருந்த கட்டிடத்துக்குக் கீழே நின்று கூப்பிட்டா: "தம்பீ! நான் பிழை சொல்லிப்போட்டன்! நாலு படம்! நாலு!" ஆறு மாடி யன்னலும் திறந்தது, அவனுடைய யன்னலைத் தவிர. பக்கத்து வீட்டுச் சிசிலிக் கிழவி ஒருத்தி போய்க் கதவைத் தட்டி எழுப்பி விட்டாளாம். அந்தப் பெடியனுக்கு அன்று பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அலுவல் சரிவந்தது.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பு. ஆனால் அக்காவோடு பழகுகிற ஆட்களுக்கு ஒரு பயமும் இருந்தது. மெழுகுதிரிக் காசு எண்ணுகிற பெண் ஒருத்தியை, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில் மறித்து அக்கா சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"பிள்ளை, உம்மைப் பற்றி நான் ஒரு பிழை விட்டுப்போட்டன்."

"என்னக்கா?"

"மெழுகுதிரிக் காசிலை நீர் கை வைக்கிறீர் எண்டு நினைச்சனான். நேற்றுத்தான் பாத்தன், பெட்டியிலை வெடிப்பு, காசு பின்னாலை விழுகுது. நான் நினைச்சது பிழை."

அந்தப் பெண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது. "நீங்கள் அப்பிடி நினைச்சது ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்தானே."

இரண்டு வருடம் அந்தப் பெண் அக்காவோடு கதைக்கவில்லை. அக்காவுக்கு அது கனகாலம் விளங்கவில்லை. "பிழை எண்டுதானே சொன்னனான், அதுக்கேன் கோவம்?" என்று என்னிடமே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறா.

இனிக் காருக்கு வருகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பலெர்மோவுக்கு வந்து நாலாம் வருடம் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை கிடைத்தது. சமையல், துப்புரவு, அதோடு கார் ஓட்டம். கார் அவவின் கணவர் அறுபதுகளில் வாங்கியது. நீலச் சாம்பல் நிறம், பின்பக்கம் உருண்டை. அவர் போனபிறகு சிஞ்ஞோரா வேறு எதிலும் ஏறமாட்டா. டொக்டரிடம் போவதென்றாலும் அது, பூசைக்கு என்றாலும் அது. தெருவில் நிறுத்தினால் ஆட்கள் வந்து விலை கேட்பார்கள்.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு கார் நிற்கத் தொடங்கியது. சாவி போட்டவுடனே நன்றாகத்தான் எழும்பும். இருபது நிமிடம் பூனைமாதிரி ஓடும். பிறகு இரண்டு குலுக்கு, ஒரு இருமல், நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பவும் எழும்பும். இப்படி நாலு தரம் சிஞ்ஞோராவோடு நடுத்தெருவில் நின்றோம். ஒரு தரம் நின்றது துறைமுக வீதியில், பின்னால் லொறி வரிசை. அவர்கள் எங்களைப் பார்த்துச் சொன்ன சொற்களைச் சிஞ்ஞோரா யன்னலை இறக்கி வைத்து ரசித்துக் கேட்டா. எனக்கு உயிர் போய் வந்தது.

கராஜ்காரன் ஒருவன் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டினான். பிறகும் கார் வழியில் நின்றது. புதுக் காபரேற்றர் போடவேணும், இந்தப் பழைய காருக்கு எங்கே தேடுவது என்று கையை விரித்தான்.

மகன் மிலானிலிருந்து ரெலிபோன் எடுத்தார். சனிக்கிழமை தான் வருவதாகவும், காரைத் தானே ஓட்டிப் பார்ப்பதாகவும், வழியில் நின்றால் அங்கேயே விற்றுவிடுவதாகவும் சொன்னார். சிஞ்ஞோரா ரெலிபோனைக் காதிலிருந்து தூரப் பிடித்தபடியால் நானும் கேட்டேன். அடுத்ததாக அவர் கேட்டதுதான் எனக்கு இடி: "கார் இல்லையென்றால் அந்த ஆள் எதற்கு?"

அந்த ஆள் நான். அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோ முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வேணும். சிஞ்ஞோராவுக்குக் கை நடுங்குவதால் அந்த வீட்டில் கையெழுத்து எல்லாம் மகன்தான். ஆகவே, அந்தச் சனிக்கிழமை கார் நின்றால் நானும் நின்றேன்.

எனக்குப் பயம் புதிதல்ல. காஸ் மூடினேனா என்று மூன்று தரம் பார்ப்பேன், கதவை இழுத்துப் பார்ப்பேன், பெர்மெஸ்ஸோ பொக்கற்றில் இருக்கிறதா என்று தெருமுனையில் ஒருதரம், பஸ்ஸில் ஒருதரம் தடவுவேன். காரைப் பற்றியும் பிளக்கிலிருந்து ரயர் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பயந்து முடித்தேன். கடைசியில் மன்னார் அக்காவிடம் போனேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் மறித்திருந்த காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் ஆறின எஞ்சினில் பற்றாது, ஆகையால் குழந்தைகளின் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தக் காலத்தில் காபரேற்றர் கழற்றத் தெரியாத ஆண்பிள்ளை இல்லை என்பார்கள். அக்கா அப்போது கரையோரம் வாழ்க்கைப்பட்டிருந்தா. புருசனின் வள்ள மோட்டரும் அயலட்டை முழுவதின் மோட்டார் சைக்கிளும் அவவின் கையால்தான் ஓடின. புருசன் நல்ல மனிசன், ஆனால் திருகாணி கையில் எடுத்தால் துலைத்துவிடுவார் என்று அவவே சொல்லுவா.

"ரெண்டு மணியிலையிருந்து நாலு மணிவரை சிஞ்ஞோரா படுப்பாவோ?" என்று கேட்டா.

"ஓம் அக்கா."

"அப்ப அந்த நேரம் வாறன். காசுக் கதை பிறகு. ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன், நான் ஒரு நாளிலை ஒண்டைத்தான் தொடுவன். ரெண்டைத் தொட்டால் எது சுகப்படுத்தினது எண்டு தெரியாது."

திங்கட்கிழமை அவ வந்தபோது காசுப் பையிலிருந்து எடுத்தது தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் நூல். கம்பி விட்டால், காபரேற்றருக்குள் பெற்றோல் சீறுகிற ஜெற்றின் ஓட்டை பெருத்துப்போகும், தங்கூசி என்றால் ஊத்தையை மட்டும் தள்ளும் என்றா. காபரேற்றரைக் கழற்றமுதல் இடுப்பில் கை வைத்து முற்றத்துக்கே கேட்கச் சொன்னா: "ஜெற் அடைப்பு!" போர்த்தியேரே எட்டிப் பார்த்தார். அக்கா கழற்றி, ஊதி, நூல் விட்டு இழுத்து, மிதவையைக் காதுக்குக் கிட்டக் குலுக்கிப் பார்த்துப் பூட்டினா. ஓடிப் பார்க்கப் போனோம். இருபத்தோராவது நிமிடம் கார் இருமியது, நின்றது.

"பிழை," என்றா அக்கா. "ஜெற் இல்லை. நான் சொன்னது பிழை." வழியில் போன ஒரு சிசிலிக்காரன் திரும்பிப் பார்க்க, அவனுக்கும் விளங்கட்டும் என்று, "ஸ்பாலியாத்தோ!" என்றா.

செவ்வாய்க்கிழமை, "சூடு!" என்றா. எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி வழி மறிக்குது என்று கணக்கு. பல்லரோச் சந்தையில் வாங்கிய உடுப்புக் கொழுவுகிற மரக்கிளிப்புகளைப் பெற்றோல் குழாய் நெடுக வரிசையாகக் கொழுவினா. மரம் சூட்டை இழுக்குமாம். அந்தக் கிளிப்பு வாங்கப் போன இடத்தில் அங்கே தமிழ்க்கடை வைத்திருக்கிறவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, சிஞ்ஞோராவின்ரை காருக்குப் படி கழுவிற அக்காவோ மெக்கானிக்?"

"ஓம் அண்ணை."

"நல்லம். காரைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் தருவா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. "அண்ணை, உங்கடை கடை பிறிஜ் ரெண்டு மாதமா ஒழுகுது. முதல் அதைப் பாருங்கோ," என்றுவிட்டுக் கிளிப்பை எண்ணி வாங்கினா.

இருபத்திரண்டாவது நிமிடம் கார் நின்றது. கிளிப்பு வரிசை அப்படியே, கொடியில் உடுப்பு இல்லாத நாள்மாதிரி. "பிழை. சூடும் இல்லை."

புதன்கிழமை அவவுக்கு ஐந்து படிக்கட்டு, வரவில்லை. நான் அன்று நாலு தரம் காஸைப் பார்த்தேன்.

வியாழன் பின்னேரம் வீட்டுவேலை செய்கிற எங்கள் ஆட்களுக்கு அரை நாள் லீவு. அந்த நாளில் எங்கள் சனம் நகரத்தின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் மலைக்கு நடந்து ஏறும். சைவமென்ன, கிறிஸ்தவ வேதமென்ன, பலெர்மோத் தமிழருக்கு அந்த அம்மா பொது. அக்கா அன்று காரை மலைப்பாதையில் விடச் சொன்னா. ஏற்றத்தில் எஞ்சின் கூடக் குடிக்கும், நிற்கிறதென்றால் கெதியாய் நிற்கும் என்றா. சொன்னபடி இரண்டாம் வளைவில் நின்றது. அவ இறங்கி ஓடிப்போய், ஆறவிடாமல் காபரேற்றர் கிண்ணத்தைக் கழற்றினா. கிண்ணத்துக்குள் ஒரு சொட்டு இல்லை.

"பாத்தீரோ? காபரேற்றர் சுகமாயிருக்குது, அதுக்குச் சாப்பாடு வரேல்லை. பம்ப்! பம்ப்தான் பிழை!"

நடந்து ஏறிக்கொண்டிருந்த எங்கள் பெடியன்கள் மூன்று பேர் காரைச் சுற்றி வந்தார்கள். "என்ன அண்ணை, நேத்திக்கடனோ? காரையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்றான் ஒருவன். எனக்குச் சிரிக்க வரவில்லை. சாப்பாடு வரவில்லை என்று அவ சொன்னது என் தலைக்குள் வேறுமாதிரி ஓடியது. பெற்றோலே முடிந்துவிட்டதோ? முள் பாதியில் நிற்கிறது, ஆனால் பழைய காரின் முள்ளை நம்பலாமோ? பின்னால் போய்த் தாங்கியின் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நெடுநேரம் மூச்சைப் பிடித்திருந்த ஆள் மூச்சு இழுத்தமாதிரி.

உள்ளே பெற்றோல் இருந்தது. மனம் ஆறி, மூடியைச் சும்மா வைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். அக்கா கிண்ணத்தைப் பூட்டி முடித்து இரண்டு நிமிடமும் இராது. கார் எழும்பிவிட்டது.

திருகுசாவியைக் கையில் பிடித்தபடியே அக்கா என் யன்னலுக்கு வந்தா. "இப்ப என்ன செய்தனீர்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"அந்த ஒண்டுமில்லாததைத் திருப்பிச் செய்யும்."

மூடியை இறுக்கிப் பூட்டி, மேலே கோயில் வாசல்வரை ஓடி, இறங்கி, திரும்பவும் ஏறினோம். நின்றது. மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்ஸ். உடனே எழும்பியது. அக்கா மூடியை என் கையிலிருந்து பறித்துத் திருப்பிப் பார்த்தா. உள்பக்கத்தில், வட்டமாக வெட்டி அளவாக ஒட்டிய சைக்கிள் ரியூப் துண்டு.

அவ அதை விரலால் தடவிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"இதைச் சிசிலியன் ஒருத்தன் செய்யான்," என்றா. "மிலான்காரனும் செய்யான். எப்ப ஒட்டினனீர்?"

உயிர்த்த ஞாயிறு வந்த கிழமைதான் ஒட்டினேன். மூடியைக் கழுவும்போது அதில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை கண்டேன். பெற்றோல் ஆவியாகப் போகுதே என்று அதை அடைத்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு நான் செய்த தொழில், தடைக் காலத்தில் றோட்டோரம் போத்தலில் பெற்றோல் விற்றது. முதலாளி சொல்லித் தந்த ஒரே வித்தை, மூடிக்குள் ரியூப் துண்டு வைத்து இறுக்குவது. மணம் வெளியே வந்தால் அடி விழும். ஒரு சொட்டு ஆவியாகப் போனாலும் அது ஆரோ ஒருவரின் ஆஸ்பத்திரிப் பயணம் என்பார். அந்தக் கைதான் இங்கேயும் வேலை செய்தது. காரில் எல்லாவற்றையும் பற்றிப் பயந்த நான் பயப்படாத ஒரே இடம் அதுதான். அது ஒன்றையாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

"எண்ணெய்த் தகரத்திலை ஒரு ஓட்டை மட்டும் குத்தி ஊத்திப் பாத்திருக்கிறீரோ?" என்று அக்கா கேட்டா. "கொஞ்சம் வரும், பிறகு நிண்டிடும். காத்துப் போக மற்றப் பக்கம் ஒண்டு குத்தவேணும். பெற்றோல் வெளியிலை போகப் போக உள்ளுக்குக் காத்து வரவேணும், தம்பி. அங்கை நாங்களும் ரியூப் வைச்சனாங்கள், நிப்பாட்டி வைக்கிற நாளிலை. ஓட்டமுதல் கழட்டிப்போடுவம்."

"நான் அங்கை ஓட்டேல்லை அக்கா. வித்தது மட்டுந்தான்."

"அதுதான். மூடத் தெரியும், ஓடத் தெரியாது." ரியூப் துண்டை உரித்து என் உள்ளங்கையில் வைத்தா. பிறகு மலையைப் பார்த்து உரத்துச் சொன்னா: "பம்பும் பிழை! மூண்டு தரமும் நான் பிழை!"

பெடியன்கள் மேலே போய்விட்டிருந்தார்கள். நான் அவவின் கையைப் பிடிக்காத குறை.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். காபரேற்றர்தான் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் அதைத் திருத்தினதாய் இருக்கட்டும். உங்களுக்கும் பேர், எனக்கும் வேலை. இதைச் சொன்னால் அந்த மனிசன் கையெழுத்து வைக்க மாட்டான்."

"காபரேற்றர் இல்லையே."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

அவ தாங்கி மூடியைத் திருகிப் பூட்டினா. "என்ரை மூண்டு பிழையையும் நான் சொல்லுவன். உம்மடை பிழையை நான் சொல்லமாட்டன், அது உம்மடை. ஆனா அதுக்கு மேலை என்ரை பேரைப் பூசச் சொல்லிக் கேக்காதையும்."

வெள்ளி முழுவதும் நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மகன் தானே ஓட்டினார். பக்கத்தில் சிஞ்ஞோரா, பின்னால் நானும் அக்காவும். வேண்டுமென்றே மலைப்பாதையால் விட்டார். இரண்டாம் வளைவில் நான் பொக்கற்றில் பெர்மெஸ்ஸோவைத் தடவினேன், கார் குலுங்கவில்லை. மேலே போய், கீழே வந்து, துறைமுகத்தால் ஒரு சுற்று அடித்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தும்வரை ஒரு இருமல் இல்லை. போர்த்தியேரே கை தட்டினார். மகனின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு. அக்காவைக் காட்டியபடி உள்பொக்கற்றிலிருந்து காசுப் பையை எடுத்தார்.

"அப்போ காபரேற்றர்தான். இந்தச் சிஞ்ஞோராவுக்கு எவ்வளவு?"

"காபரேற்றர் இல்லை," என்றா அக்கா, படிக்கட்டுக் கழுவிப் பழகின இத்தாலியனில், முற்றம் முழுக்கக் கேட்க. "காபரேற்றர் எண்டனான், பிழை. சூடு எண்டனான், பிழை. பம்ப் எண்டனான், பிழை. மூண்டு பிழைக்கு நான் காசு வாங்கிறதில்லை. கிளிப்புக் காசு மட்டும் தாருங்கோ. கிளிப்பையும் நீங்களே வைச்சிருங்கோ."

மகனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ என்னதான் பழுது?"

"அது எனக்குத் தெரியும். சொல்லுறது என்ரை வேலை இல்லை."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தா. அவ என்னைப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கோபம் வந்திருக்கும், கோபத்தில் வாய் பூட்டியிருக்கும். அவ பார்க்கவில்லை. முற்றத்தில் ஒரு ஆள் மட்டும் நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்காமல் நின்றது எனக்கு ஒரு இடம் விட்டதுமாதிரி இருந்தது.

பொக்கற்றிலிருந்து ரியூப் துண்டை எடுத்து நீட்டினேன். "நான்தான், சிஞ்ஞோரே. மூடிக்குள்ளை இதை ஒட்டினனான். காத்துப் போகாமல் கார் நிண்டது. கெட்ட எண்ணம் இல்லை. என்ரை ஊரிலை பெற்றோலைப் போத்தலிலை வித்தனாங்கள், ஆவியாப் போகக்கூடாது."

அவர் அந்தத் துண்டை வாங்கி விரித்துப் பார்த்தார். "என் அம்மாவை நாலு தரம் நடுத்தெருவில் இருத்தினாய். இந்தச் சைக்கிள் றப்பரால்." காசுப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார், கராஜ்காரனின் பில். "பழுதில்லாத காபரேற்றரைக் கழற்றிப் பூட்டியதற்கு ஒன்றரை லட்சம் லீரா. இதை யார் கட்டுவது?"

"நான் கட்டிறன். சம்பளத்திலை வெட்டுங்கோ."

கைத்தடி கல்லில் தட்டியது. சிஞ்ஞோரா ஒரு அடி முன்னுக்கு வந்தா. மகனிடம் சொன்னா, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக: "நாற்பது வருடமாக இந்த வீட்டில் கோப்பைகள் தானாக உடைகின்றன. பூச்சாடி தானாக விழுகிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணாடி அலுமாரி தானாக நொறுங்கியது. இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு ஆள் உடைத்திருக்கிறார். கையெழுத்து வை."

போர்த்தியேரே மேலே வானத்தைப் பார்த்தார். மகனுக்குக் காது சிவந்தது. காரின் உருண்டைப் பின்பக்கத்தில் ஒப்பந்தத்தை விரித்து, மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தார். காசு மாதம் பதினையாயிரமாக வெட்டுவது என்று பேச்சு.

அக்காவைப் பஸ் தரிப்பிடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஒப்பந்தம் என் சட்டைக்குள், நான் அதை நாலு தரம் தடவிவிட்டேன். அவ ஏதாவது சொல்லுவா என்று பார்த்தேன். பஸ் வந்து, வாளியைத் தூக்கி உள்ளே வைத்து, ஏறி, திரும்பினா.

"சொன்னது சரி," என்றா. "சத்தம் காணாது."

பிறகும் எங்கள் ஆட்களின் எத்தனையோ காரும் வெஸ்பாவும் அவவிடம் போயின. திருத்திக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் காரை விட்டுவிட்டு அவ சொன்ன பிழைகளைத்தான் கதைப்பார்கள். "எனக்கு நாலு தரம் பிழை சொன்னவ," என்பான் ஒருவன். "எனக்கு ஒண்டுதான்," என்று மற்றவன் குறைப்படுவான். திருத்த முடியாமல் அவ திருப்பிவிட்ட வண்டி ஒன்றும் எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து மகளோடு இருக்க ஜேர்மனிக்குப் போனா. போகமுதல், மெழுகுதிரிப் பெண்ணின் வீட்டுக்குப் போய், அன்றைக்குச் சனத்துக்கு நடுவில் வைத்துச் சொன்னது பிழை என்று சொன்னாவாம். அந்தப் பெண் தேத்தண்ணி குடுத்திருக்கிறா.

என் சம்பளத்தில் நாலு மாதம் வெட்டினார்கள். ஐந்தாம் மாதம் ஓகஸ்ற், விடுமுறை, வெட்டவில்லை. ஆறாம் மாதம் சிஞ்ஞோராவுக்கு நினைவுபடுத்தினேன். "எந்தப் பணம்?" என்றா, கண்ணை மூடிக்கொண்டு. திரும்பவும் நினைவுபடுத்தினேன், தனக்குக் காது கேட்கவில்லை என்றா. லொறிக்காரரின் சொல்லெல்லாம் கேட்ட காது அது. பிறகு மகன் அவவைத் தன்னோடு மிலானுக்குக் கூட்டிக்கொண்டு போனார், காரையும் லொறியில் ஏற்றி. எனக்குப் பெர்மெஸ்ஸோ இருந்தது, வேறு வீடு கிடைத்தது. மிலான் விலாசம் கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன், அதுவும் என் பிழை. ஒன்றரை லட்சத்தில் கட்டினது அறுபதாயிரம். மிச்சம் தொண்ணூறாயிரம் லீரா, இன்னும் குடுக்கவில்லை.